கைதட்டலுக்கு நடுவில் என் பெயர்

அந்தக் கோடை முழுக்க ஜிபெக்கைத் தினமும் ஒரு முறை தூக்கிக்கொண்டு போனார்கள். மாலையில் கழுகு வித்தை முடிந்ததும் அவளுடைய முறை. பயணிகள் ஒரு கையில் குதிரைப்பால் கிண்ணமும் மறு கையில் கைப்பேசியுமாக வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். சிவப்புப் பாவாடை கட்டிய ஜிபெக் வாளியோடு தண்ணீர் எடுக்க வருவாள். முகத்தைத் துணியால் மறைத்த ஒருவன் வெள்ளைக் குதிரையில் பாய்ந்து வந்து அவளை அள்ளிச் சேணத்துக்கு முன்னால் போட்டுக்கொள்வான். அவள் கையைக் காலை உதைத்து, "அம்மா! அம்மா!" என்று அலறுவாள். குதிரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கடைசிக் கூடாரத்தின் பின்னால் போய் நிற்கும். உடனே இருவரும் கைகோத்து வெளியே வந்து குனிந்து வணக்கம் சொல்வார்கள். கைதட்டலில் இசிக்-குல் ஏரிக்கரையே அதிரும்.

அதன் பிறகு ஜிபெக் நேரே என் அடுப்பங்கரைக்குத்தான் ஓடிவருவாள். நான் அந்த முகாமில் சமையல்காரி. எண்ணெய்ச் சட்டியில் ரொட்டித் துண்டுகள் பொரிந்துகொண்டே இருக்கும். சூடு ஆறுமுன் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு கேட்பாள்.

"ஊல்கான் அக்கா, இன்னைக்கு எப்படிக் கத்தினேன்?"

"பல்லு புடுங்கற மாதிரி இருந்துச்சு. நேத்தே தேவலை."

"போங்கக்கா! ஒரு ஜெர்மன்காரி அழுதுட்டா தெரியுமா?"

அவள் என் பக்கத்து வீட்டுக்காரர் சாகினின் மகள். தாய் மாஸ்கோவில் கட்டடங்களைப் பெருக்கிப் பணம் அனுப்புகிறாள். செப்டம்பரில் தலைநகர் பிஷ்கெக் போய்த் தாதிப் படிப்பில் சேருவதற்கு ஜிபெக்குக்கு இடம் கிடைத்திருந்தது. பையைக்கூடத் தைத்து வைத்துவிட்டாள். கோடை முடிகிறவரை முகாமில் வேலை, பிறகு படிப்பு. அவளுடைய ஆசையெல்லாம் அவ்வளவுதான். ஆனால் எங்கள் ஊரில் ஒரு பெண்ணுக்கு அதுவே பேராசை.

அந்தக் காட்சியை வைத்தவர் முகாமின் முதலாளி எமில். எனக்கு அது முதல் நாளிலிருந்தே பிடிக்கவில்லை. பிடிக்காததைச் சொல்லாமல் இருக்கிற வழக்கமும் எனக்கு இல்லை.

"பொண்ணைத் தூக்கிக் கட்டிக்கறது நம்ம பண்பாடு அக்கா. இதைப் பாக்கத்தான் வெளிநாட்டுக்காரன் வர்றான்," என்றார்.

"உங்க அக்காளைத் தூக்கிட்டுப் போனப்ப உங்கம்மா படுத்த படுக்கையா கிடந்தாங்களே, அதையும் கூடாரத்துல காட்டலாமே? அதுவும் பண்பாடுதானே?"

எமில் சிரித்து மழுப்பிவிட்டுப் போய்விட்டார். சம்பளம் கொடுக்கிறவர்களுக்கு அந்த வசதி உண்டு.

பகுதிக் காவலன் தினிஸ்தான் அடிக்கடி வந்து தேநீர் குடிப்பான். என்னைவிட இளையவன், தம்பி என்றுதான் கூப்பிடுவேன். ஒரு நாள் பெருமையாகச் சொன்னான்.

"அக்கா, இந்த வருஷம் பொண்ணு தூக்குற கேசு பாதியாக் குறைஞ்சிடுச்சு. மேலதிகாரி என்னைப் பாராட்டினாரு. சுற்றுலாப் பகுதின்னா இப்படித்தான் இருக்கணும்னாரு."

"புகார் குறைஞ்சுச்சா தம்பி, தூக்குறது குறைஞ்சுச்சா?"

அவன் தேநீரை ஊதிக் குடித்தான்.

"சீசன் நேரத்துல பயமுறுத்தாதீங்க. கெட்ட பேரு வந்தா உங்க சட்டியும்தான் காயும்."

அது பொய்யில்லை. ஆனால் பெண்ணைத் தூக்குவதும் சீசனில்தான். கரை ஓரத்து விடுதிகளில் வேலை செய்ய மலைக் கிராமங்களிலிருந்து பெண்கள் இறங்குவது கோடையில்தான். நகரத்துக்குப் போன பையன்கள் கார் வாங்கிக்கொண்டு திரும்புவதும் அப்போதுதான். சர்க்கரை பாதாமிப் பழங்கள் பழுக்கிற மாதத்தில் இரண்டு வீட்டுக்கு ஒரு வீட்டில் வெள்ளைத் திரை தொங்கும். மணப்பெண் உட்காருவதற்கான மூலைத் திரை. ஆனால் கரையிலிருந்து ஒரு வார்த்தையும் வெளியே போகாது. வந்தவர்கள் நீந்திவிட்டு, பழம் தின்றுவிட்டு, சந்தோஷமாகப் போவார்கள்.

உச்-தெரெக் கிராமத்தின் ராக்கியா ஒரு மத்தியானம் பாதாமிப் பழப்பாகு ஒரு வாளி கொண்டுவந்து கொடுத்தாள். வசதியுள்ளவள், சொந்தமாக விருந்தினர் விடுதி வைத்திருப்பவள். காசு வேண்டாம் என்றுவிட்டாள். அப்போதே யோசித்திருக்க வேண்டும். ராக்கியா சும்மா தும்மக்கூட மாட்டாள்.

கிண்ணம் கழுவிக்கொண்டிருந்த ஜிபெக்கை மேலும் கீழுமாகப் பார்த்தாள்.

"யாரு பொண்ணும்மா நீ? கை நல்லா வேலை செய்யுதே. காலணி என்ன அளவு போடுவே?"

அவள் போன பிறகு ஜிபெக் சொன்னாள்: "அக்கா, அந்தம்மா என்னைச் சந்தையில ஆட்டைப் பாக்கற மாதிரி பாத்துட்டுப் போகுது. பல்லை மட்டும்தான் பிடிச்சுப் பாக்கல."

"அவ விடுதிக்கு ஆள் தேடுவா. போயிடாதே, சம்பளம் தர அழுவா," என்றேன் நான். இரண்டு பேரும் சிரித்தோம். ராக்கியாவின் மகன் மெலிஸ் கொஞ்ச நாளாகக் கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் காரை நிறுத்திவிட்டுக் காட்சி பார்த்துக்கொண்டிருந்தான். இலவசமாகப் பார்க்கிற கருமி என்றுதான் நினைத்தோம்.

ஜிபெக்கின் அப்பா சாகினைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வேன் ஓட்டுகிறவர். அதிகம் பேசமாட்டார். ஒரு தடவை ஒரு பயணியின் குழந்தை ரொட்டியை மணலில் போட்டு உதைத்து விளையாடியது. சாகின் வேனை நிறுத்தி இறங்கி வந்தார். குழந்தையை ஒன்றும் சொல்லவில்லை. ரொட்டியை எடுத்து மண்ணைத் தட்டி, முத்தமிட்டு, நெற்றியில் ஒற்றி, பறவைகள் தின்னட்டும் என்று கம்பத்தின் உச்சியில் வைத்துவிட்டுப் போனார். எங்கள் ஆட்கள் எல்லாரும் அப்படித்தான். எவ்வளவு அவசரமானாலும் வாசலில் ரொட்டி நீட்டினால் ஒரு துண்டாவது பிய்த்து வாயில் போடாமல் யாரும் நகரமாட்டோம். வேன் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஜன்னல் வழியாக நான் நீட்டுவேன். சாகின் சாலையைப் பார்த்தபடியே பிய்த்துக்கொள்வார். கை தானாகவே போகும்.

ஆகஸ்டின் முடிவில் அது நடந்தது. ஏரிப் பக்கமிருந்து காற்று பலமாக அடித்தது, கூடாரத் துணிகள் படபடத்தன. தினமும் முகம் மறைத்து வருகிற குதிரைக்காரன் குபாத் அன்று காட்சிக்கு முன்னால் என்னிடம் ரொட்டி வாங்க வரவில்லை. வயிறு சரியில்லையோ என்று நினைத்தேன். கழுகு வித்தை முடிந்தது. ஜிபெக் வாளியோடு வந்தாள். முகம் மறைத்த ஆள் வேலிப் பக்கமிருந்து வந்தான்.

குபாத் கடிவாளத்தைத் தளர்வாகப் பிடிப்பான். இவன் இழுத்துப் பிடித்திருந்தான், குதிரை வாயைத் திறந்துகொண்டு தலையை ஆட்டியது. குனிந்து ஜிபெக்கை அள்ளினான். வாளி உருண்டு ஒரு பயணியின் காலில் போய் முட்டியது. அவர் சிரித்தார். ஜிபெக் வழக்கம்போல, "அம்மா!" என்றாள். ஒரே ஒரு முறை. பிறகு தன்னைப் பிடித்திருந்த கையைப் பார்த்திருக்க வேண்டும்.

"ஊல்கான் அக்கா! அக்கா! ஊல்கான் அக்கா!"

காட்சியில் என் பெயர் கிடையாது.

குதிரை கூடாரத்துப் பக்கம் திரும்பவில்லை. கயிற்றைத் தாண்டியது. உட்கார்ந்திருந்தவர்கள் குதூகலத்தோடு விலகி வழிவிட்டார்கள். நெட்டை மரங்கள் வரிசையாக நின்ற சாலையில் கார் கதவு திறந்திருந்தது. இரண்டு பேர் அவளை வாங்கி உள்ளே திணித்தார்கள். கூட்டம் மொத்தமும் எழுந்து நின்று கைதட்டியது, சீட்டியடித்தது. நான் கையிலிருந்த ஜல்லிக்கரண்டியோடு, எண்ணெய் சொட்டச் சொட்ட ஓடினேன். "தூக்கிட்டுப் போறான்! நிஜமா தூக்கிட்டுப் போறான்!" என்று கத்தினேன். என்னைப் பார்த்துத்தான் அதிகமாகச் சிரித்தார்கள். ஒருவர் என் முன்னாலேயே பின்பக்கமாக நடந்தபடி என்னைப் படம் பிடித்தார். அவரைக் கரண்டியால் விலக்கிவிட்டு ஓடினேன். காரின் புழுதிதான் மிச்சம்.

குபாத் கழிப்பறைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான்.

"மெலிஸ்தான் கேட்டான் அக்கா. இன்னைக்கு ஒரு நாள் குதிரையும் உடுப்பும் குடுன்னான். ஜிபெக்குக்கும் சம்மதம்னு சொன்னான்."

"சம்மதம்னா அவளே நடந்து போகமாட்டாளா? கால் இல்லையா அவளுக்கு?" என்று சொல்லிக் கரண்டியால் தோளில் ஒன்று வைத்தேன். அவன் வாங்கிக்கொண்டான்.

தினிஸ்தான் வாசலில்தான் நின்றிருந்தான். பயணி ஒருவரின் கைப்பேசியில் பதிவான படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தான்.

"அக்கா, தினமும் இப்படித்தானே கத்துது?"

"இன்னைக்கு என் பேரைச் சொல்லுது, கேளு."

"பேரு ஆயிரம் சொல்லும். கோடை முழுக்க அந்தப் பொண்ணு தானா குதிரையில ஏறிச் சிரிச்சிருக்கு. ஊரே பாத்திருக்கு. நான் என்னன்னு எழுத? எந்தக் கத்தல் நிஜம், எந்தக் கத்தல் நடிப்புன்னு எந்த நீதிபதிக்குப் புரிய வைக்கறது?"

"வண்டியை எடு. போய் அவகிட்டயே கேப்போம்."

"காலையில போலாம். ராத்திரி அங்க தங்கட்டும். காலையிலயும் வேண்டாம்னு சொன்னா எழுதிக்கலாம்."

அவன் கெட்டவன் இல்லை. அதுதான் எனக்கு அதிகப் பயம் தந்தது. விடிந்தால் எந்தப் பெண்ணும் வேண்டாம் என்று சொல்லமாட்டாள் என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒரு ராத்திரி அங்கே தங்கியவளை ஊர் பிறகு வேறு கண்ணால்தான் பார்க்கும். என்னையும் அப்படித்தான் என் புருஷன் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். மணப்பெண்ணின் வெள்ளை முக்காட்டைத் தலையில் போட்டு அழுத்திப் பிடித்திருந்த கைகளின் கனம் இன்னும் என் உச்சியில் இருக்கிறது. என்னைத் தேடி யாரும் அன்றைக்கே வரவில்லை.

சாகினுக்குத் தொலைபேசி செய்தேன். வேனில் இருந்த பயணிகளை நடுச்சாலையில் இறக்கிவிட்டு வந்தார். நான் ஏறிக்கொண்டேன்.

"அண்ணே, பொழுது சாயறதுக்குள்ள போயிடணும். அப்பா வந்து வேண்டாம்னு சொன்னா அவங்க விட்டுத்தான் ஆகணும். நீங்க ஒண்ணும் பேச வேண்டாம், பொண்ணைக் குடுன்னு மட்டும் சொல்லுங்க. மத்ததை நான் பேசிக்கறேன்."

அவர் தலையாட்டினார். இருக்கைக்கு அடியிலிருந்து சக்கரம் கழற்றும் இரும்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மலைப் பாதை முழுக்க அவர் தாடை அசைந்துகொண்டே இருந்தது.

ராக்கியாவின் முற்றத்தில் தேநீர் கொதிக்கும் சமோவார் புகைந்தது. ஆட்டை உரித்துக்கொண்டிருந்தார்கள். மெலிஸ் சுவரோரம் நின்றிருந்தான், கன்னத்தில் நகக் கீறல். எங்களைப் பார்த்ததும் பெண்கள் கூட்டம் கதவை அடைத்து நின்றது. ஜன்னலுக்குள் வெள்ளைத் திரை. திரை ஒரு பக்கம் இழுபட்டுக்கொண்டிருந்தது. உள்ளே யாரோ போராடுகிறார்கள்.

சாகின் இரும்பை ஓங்கிக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார். அவ்வளவு பெரிய கூட்டமும் பின்வாங்கியது. நான் மனதுக்குள், 'விட்டுடாதீங்க அண்ணே' என்று சொல்லிக்கொண்டேன்.

ராக்கியா மட்டும் பின்வாங்கவில்லை. பூவேலை செய்த துணியில் வட்ட ரொட்டியை ஏந்திக்கொண்டு, கண் கலங்க, அவருக்கு எதிரே வந்தாள்.

"கோவமா இருப்பீங்க, நியாயம்தான். தப்பு எங்க பேர்லதான். வீடு தேடி வந்துட்டீங்க. முதல்ல ரொட்டி எடுங்க, அப்புறம் அடிங்க."

ரொட்டி அவர் நெஞ்சுக்கு நேரே இருந்தது. சாகினின் வலது கையில் இரும்பு. இடது கை தானாக நீண்டது. பிய்த்தது. வாயில் போட்டது.

நான் வாயைத் திறப்பதற்குள் முடிந்துவிட்டது.

"பொண்ணு வீட்டார் ரொட்டி எடுத்துட்டாங்க!" என்று ராக்கியா கூவினாள். பெண்கள் குலவையிட்டார்கள். எங்கள் தலையில் மிட்டாய்களை அள்ளி வீசினார்கள். ஒரு கிழவர் கையேந்தி துஆ ஓதத் தொடங்கினார். வீட்டு ரொட்டியைத் தின்றவன் அந்த வீட்டின் மேல் கை ஓங்க முடியாது. அது எங்களுக்குப் பால்குடிக்கிற வயதிலேயே தெரியும். சாகினின் கை மெல்லக் கீழே இறங்கியது. அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. வாய்க்குள் துண்டு அப்படியே இருந்தது.

"அண்ணே, அது ஏமாத்து! அது கணக்குல சேராது!" என்று கத்தினேன். மிட்டாய் என் கண்ணில் பட்டது. யாருக்கும் நான் சொன்னது கேட்கவில்லை.

அப்போது ஜன்னல் திரை கிழிந்தது. முக்காடு பாதி சரிந்த தலையோடு ஜிபெக் கண்ணாடியில் முகத்தை அழுத்தினாள். அப்பாவின் கன்னம் உப்பியிருப்பதைப் பார்த்துவிட்டாள்.

"அப்பா! முழுங்காதீங்க! அப்பா, முழுங்காதீங்க!"

சாகின் அவளைப் பார்த்தார். சுற்றி நின்ற எல்லாரையும் பார்த்தார். மணலில் கிடந்த ரொட்டிக்கு வேனை நிறுத்துகிற மனிதர். அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. குனிந்தார். எல்லாருக்கும் முன்னால், ராக்கியாவின் முற்றத்து மண்ணில், ரொட்டியைத் துப்பினார்.

குலவை நின்றது. துஆ பாதியில் நின்றது. ஆட்டை உரித்தவன் கத்தியைக் கீழே வைத்தான். "யா அல்லா, இது என்ன காலம்," என்றார் கிழவர். பக்கத்தில் நின்ற பெண்கள் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மண்ணில் கிடந்த துண்டிலிருந்து நகர்ந்தார்கள்.

"எம் பொண்ணைக் குடுங்க," என்றார் சாகின்.

மெலிஸ் அப்போதுதான் வாய் திறந்தான். அழுகிற குரல்.

"தினம் ஒருத்தன் தூக்கறான், அவ சிரிக்கறா. நான் தூக்கினா மட்டும் ஏன் அழறா?"

அவன் உண்மையாகவே கேட்டான். அதை நினைத்தால் இன்றும் எனக்குப் பயமாக இருக்கிறது.

கதவைத் திறந்தது ராக்கியாதான். இரக்கத்தால் இல்லை. "கூட்டிட்டுப் போங்க. ரொட்டியைத் துப்புன ரத்தம் எங்க வம்சத்துல கலக்க வேண்டாம். விளங்காத குடும்பம்!" என்றாள். ஜிபெக் ஒரு காலில் காலணியோடு ஓடிவந்தாள். முக்காட்டை வாசலிலேயே உதறிவிட்டாள். வேனில் ஏறியபின் அப்பாவின் முதுகைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவர் வண்டியை எடுத்தார். வழியில் ஒரு ஓடையருகே நிறுத்தி, இறங்கி, வாயைக் கொப்புளித்துக்கொண்டே இருந்தார்.

அன்று ராத்திரியே அவளைப் பிஷ்கெக்குக்குக் கொண்டுபோய்விட்டார். தினிஸ்தான் மறுநாள் தேநீருக்கு வந்தான்.

"பாத்தீங்களாக்கா, நல்லபடியா முடிஞ்சிடுச்சு. அன்னைக்கே அப்பாகிட்ட வந்துட்டா. அப்ப குற்றமே நடக்கலை. எழுத ஒண்ணும் இல்லை."

நான் அவனுக்குத் தேநீர் ஊற்றவில்லை. ரொட்டி மட்டும் நீட்டினேன். அது நீட்டாமல் இருக்க என்னால் முடியாது.

சாகினின் வேனில் இப்போது எங்கள் ஊர்க்காரர்கள் ஏறுவதில்லை. அவர் போகிற துக்க வீட்டிலும் கல்யாண வீட்டிலும் ரொட்டித் துணியை அவர் பக்கம் விரிக்காமல் வேறு பக்கம் விரிக்கிறார்கள். பெண்ணைத் தூக்கின வீட்டில் அடுத்த வாரமே விருந்து நடந்தது, எல்லாரும் போய்த் தின்றார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. சொல்லத்தான் செய்கிறேன், போகிற இடத்திலெல்லாம். ஜிபெக் அங்கே படிக்கிறாள். அப்பாவோடு பேசும்போது, "சாப்பிட்டீங்களாப்பா?" என்றுதான் முதலில் கேட்கிறாளாம்.

சீசன் இன்னும் முடியவில்லை. எமில் புதிதாக ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார். பெகிமாய் என்று பெயர், மலைக் கிராமத்துப் பெண், சிரித்த முகம். முதல் நாளே அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன்: "நடிக்கும்போது அம்மான்னு கத்து. நிஜமா எவனாவது தூக்கினா என் பேரைச் சொல்லிக் கத்து. நான் வருவேன்."

அன்று மாலை குதிரை வந்தது. முகம் மறைத்தவன் அவளை அள்ளினான். "ஊல்கான் அக்கா! ஊல்கான் அக்கா!" என்று அலறினாள். நான் சட்டியைப் போட்டுவிட்டு, கரண்டியோடு, மூச்சிரைக்க ஓடினேன். குதிரை அமைதியாகக் கூடாரத்தின் பின்னால் போய் நின்றது. குபாத் துணியை விலக்கி இளித்தான். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

எமிலிடம் போய்ச் சண்டை போட்டேன். அவருக்குக் கோபமே வரவில்லை.

"அக்கா, அன்னைக்கு நீங்க கரண்டியோட ஓடினீங்களே, அந்தப் படத்தை ஊரெல்லாம் பாக்குது. வர்றவன் எல்லாம் கரண்டி அக்கா எங்கன்னுதான் கேக்கறான். அதான் அந்தப் பொண்ணை உங்க பேரைச் சொல்லிக் கத்தச் சொன்னேன். நீங்க சும்மா ஓடினா போதும்."

"அப்ப நிஜமாத் தூக்கினா அவ எதைச் சொல்லிக் கத்துவா?"

"நிஜமா யாரு தூக்கப் போறா? அதெல்லாம் குறைஞ்சுபோச்சுன்னு காவலரே சொல்றாரே."

பெகிமாயிடம் வேறு ஒரு வார்த்தை சொல்லிக் கொடுத்தேன். அவள் வெகுளி. அதையும் எமிலிடம் சொல்லிச் சிரித்தாள், அவர் அதையும் காட்சியில் சேர்த்துக்கொண்டார். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் இப்போதும் கார்கள் நிற்கின்றன. எது யாருடையது என்று எனக்குத் தெரியவில்லை.

ஒவ்வொரு மாலையும் கழுகு வித்தை முடிகிறது. என் பெயர் சொல்லி ஒருத்தி அலறுகிறாள். சட்டியில் ரொட்டி கருகினாலும் பரவாயில்லை என்று நான் ஓடுகிறேன், குதிரை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்க்க. எழுந்து ஓடுகிறவள் நான் ஒருத்திதான். மற்றவர்கள் எனக்கும் சேர்த்துக் கைதட்டுகிறார்கள்.